கரையிலிருந்து தட்டைமீன்: இலேசான தூண்டில்கழியும் ரீலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் நின்று தட்டைமீன் பிடிக்க ஆசைப்படும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பாதிப்பேர் முதல் கழியைத் தவறாக வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். அதில் எனக்கு எந்த ஏளனமும் இல்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

தட்டைமீன் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

இலேசான கழிக்குக் கரையிலிருந்து அகப்படுபவை முக்கியமாக மூன்று. கழிமுகச் சேற்றிலும் துறைமுகங்களிலும் ஃபிளவுண்டர். மணலும் கூழாங்கல்லும் கலந்த திறந்த கரையில் பிளேஸ். குளிர்காலத்தில் டாப். கோடை இரவுகளில் டோவர் சோல் வருவதுண்டு. அது கிடைத்தால் அன்றைய அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேஸின் முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். கண்களுக்குப் பின்னால் சிறு எலும்புக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். சில ஃபிளவுண்டர்களிலும் மங்கலான புள்ளிகள் உண்டு. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். ஃபிளவுண்டர் என்றால் துடுப்புகளின் அடியோரமும் பக்கக்கோடும் சொரசொரக்கும். டாப் என்றால் வாலிலிருந்து தலைநோக்கித் தடவும்போது உடல் முழுவதும் சொரசொரக்கும்; பக்கக்கோடு மார்புத் துடுப்பின் மேல் வில்லாக வளைந்து போகும்.

ஊரில் இந்த வகை மீன்களை நாக்குமீன் என்போம். அவற்றில் பெரியதான எருமைநாக்கின் அறிவியல் பெயரில் 'எருமெய்' என்ற சொல் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மீனுக்கு 1801-இல் பெயர் சூட்டியபோது, நம் எருமையை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தூண்டில் வாங்க இந்தத் தகவல் உதவாது. பக்கத்தில் மீன் பிடிப்பவரிடம் பேச்சுக் கொடுக்க உதவும்.

கடையில் 12 அடிக் கழிதான் கடலுக்கு ஏற்றது என்கிறார்களே?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பீச்காஸ்டர் எனப்படும் அந்த நெடுங்கழி, 5 அல்லது 6 அவுன்ஸ் ஈயக்குண்டை நூறு மீட்டருக்கு மேல் எறிவதற்காகச் செய்யப்பட்டது. குளிர்காலத்தில் காட் மீனைத் தேடித் தொலைவில் எறிந்த காலத்தின் கருவி அது. அதைக் கொண்டுபோய்க் கழிமுகத்தில் ஃபிளவுண்டர் பிடித்தேன். உள்ளங்கையை விடச் சற்றே பெரிய மீன் தூண்டிலில் இருந்ததே, இரையை மாற்றுவதற்காக இழுத்தபோதுதான் தெரிந்தது. உலக்கையால் கொசு அடித்த கதை.

கரையில் பிடிபடும் ஃபிளவுண்டர்களில் பெரும்பாலானவை ஒரு ராத்தலுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, முன்பின்னாகத்தான் இருக்கும். பிரிட்டனின் சாதனை மீன் 1956-இல் கார்ன்வாலின் ஃபோயி அருகே படகிலிருந்து பிடிக்கப்பட்டது. அதன் எடையே 2.6 கிலோதான். இந்த மீனை அடக்க உங்களுக்குப் பலம் தேவையில்லை. அது தொட்டது கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அது எங்கே நிற்கிறது என்பது அடுத்த விஷயம். கடல் பெருக்கு ஏறும்போது ஃபிளவுண்டர் நீரின் விளிம்போடு சேர்ந்தே மேலே வரும். புதிதாக நனைந்த சேற்றில் நண்டும் புழுவும் வெளிப்படும் இடம் அதுதான். முழங்கால் ஆழத்தில், பத்து இருபது மீட்டர் தூரத்தில் பலமுறை பிடித்திருக்கிறேன். நீருக்குள் இறங்கி நின்று, மீன்களைத் தாண்டித் தொலைவில் எறிகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சில நேரம் அவர்கள் காலடியிலேயே மீன் இருக்கும்.

அப்படியானால் எந்தக் கழியை வாங்குவது?

கழியைப் பார்ப்பதற்கு முன்னால் ஈயக்குண்டை முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடிக்கப்போகும் இடத்து நீரோட்டம் எவ்வளவு எடையைக் கேட்கிறது? அந்த எடையை வசதியாக எறியும் கழி எதுவோ அதுதான் உங்கள் கழி. மீனின் எடையை வைத்துக் கழி தேடுபவர்களும் எறியும் தூரத்தை வைத்துத் தேடுபவர்களும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள்.

ஓட்டம் குறைந்த துறைமுக மூலையில் ஒரு அவுன்ஸ் போதும். சாதாரணக் கழிமுகத்தில் ஒன்று முதல் இரண்டு அவுன்ஸ். அலை அடிக்கும் திறந்த மணற்கரையில் இரண்டு, மூன்று. (ஒரு அவுன்ஸ் 28 கிராம்.) கழியின் கைப்பிடிக்குச் சற்று மேலே, எறியத்தக்க எடை அச்சிடப்பட்டிருக்கும். '30–80 கிராம்' அல்லது '1–3 அவுன்ஸ்' என்று எழுதிய கழி முக்கால்வாசி இடங்களுக்குச் சரியாக வரும். அச்சிட்ட மேல் எல்லையிலேயே எப்போதும் எறியாதீர்கள். இரைக்கும் எடை உண்டு. கொழுத்த புழு இரண்டைக் கோத்தால் பல கிராம் கூடிவிடும்.

நீளம்: கழிமுகத்துக்கு 9 அல்லது 10 அடி, அலையுள்ள கரைக்கு 11 அடி. உடையும் முதல் அலைக்கு மேலே நூலைத் தூக்கிப் பிடிக்க அந்தக் கூடுதல் அடிகள் தேவைப்படும். அதற்கு மேல் நீளம் உங்கள் தோளுக்குச் சுமை.

கடைகளில் இதற்கு ஒற்றைப் பெயர் கிடையாது. ஒரு கடையில் 'ஃபிளவுண்டர் ராட்' என்பார்கள், இன்னொன்றில் 'லைட் பாஸ் ராட்', வேறொன்றில் கனமான ஸ்பின்னிங் கழியைக் காட்டுவார்கள். பெயரை விடுங்கள், எண்ணைப் படியுங்கள்.

வீட்டில் பழைய கார்ப் கழி இருக்கிறது. அது உதவுமா?

தாராளமாக. நன்னீரில் கார்ப் பிடிக்கும் கழிகளில் எறியும் எடைக்குப் பதிலாக 'டெஸ்ட் கர்வ்' என்று ஒரு எண் இருக்கும். நுனி கைப்பிடிக்குச் செங்கோணமாக வளைய எத்தனை ராத்தல் இழுவிசை வேண்டும் என்பதே அது. அதிலிருந்து எறியும் எடையைக் கணிக்க ஒரு எளிய வழி உண்டு: 2 ராத்தல் கழி 2 அவுன்ஸை வசதியாக எறியும், 3 ராத்தல் கழி 3 அவுன்ஸை. எனவே 2 அல்லது 2¼ ராத்தல் கார்ப் கழி கழிமுக ஃபிளவுண்டருக்காகவே செய்தது போல் இருக்கும்.

நுனி மெல்லியதாக உள்ள ஃபீடர் கழிகளும் அருமையானவை. டாப் போன்ற சிறு மீன் கொத்துவது அவற்றில் நாடகம் போலத் தெரியும். ஒரே குறை, நன்னீர்க் கழிகளின் வளையங்களும் ரீல் பொருத்தும் திருகும் உப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் ஒரு பருவத்திலேயே பச்சை படிந்துவிடும்.

கடையில் கழியை எப்படிச் சோதிப்பது?

ரீலைப் பொருத்திக் கையில் எடுங்கள். ரீல் இல்லாமல் கழியை மட்டும் ஆட்டிப் பார்ப்பது, சக்கரம் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்ப்பது போல. பிறகு நண்பர் ஒருவரை நுனியை விரலால் மெல்லத் தட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தட்டு உங்கள் கைக்கு வருகிறதா? வராவிட்டால் கடலில் ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்தும் வராது. கழியின் மேற்பகுதி மூன்றில் ஒரு பங்கு மென்மையாக வளைந்து, நடுவிலிருந்து கீழே விறைப்பாக நிற்பது எனக்குப் பிடிக்கும். நுனியின் மென்மையால் மீன் சந்தேகப்படாது. கீழே உள்ள விறைப்பால் குண்டு தூரம் போகும். அடி முதல் நுனி வரை சாட்டை போல வளையும் கழியில் குறி தப்பும்.

இரண்டு துண்டாகக் கழற்றும் கழி போதும். உள்ளுக்குள் நுழையும் தொலைநோக்கி வகைக் கழிகளை ரயிலில் கொண்டுபோவது வசதிதான். ஆனால் மூட்டுக்குள் மணல் புகுந்தால் அன்று மாலை அவை உள்ளே போகாது.

ரீல் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

4000 அளவு என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த எண்ணை அளவுகோலாக எடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் 4000 இன்னொரு நிறுவனத்தின் 3000-ஆக இருக்கலாம். நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்பில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 0.30 மில்லிமீட்டர் நூல் 150 முதல் 200 மீட்டர் கொள்ளும் என்று இருந்தால் நமக்கு அதிகப்படியே. 300 கிராம் அளவில் எடை இருந்தால், கழியை மணிக்கணக்காகக் கையில் பிடித்திருக்கலாம். நீண்ட எறிதலுக்கான பெரிய ரீல்கள் இதைப்போல இரண்டு மடங்கு எடை.

முன்பக்கத்தில் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி) உள்ள சாதாரண நிலைச்சுருள் ரீலே போதும். எறியும்போது ஸ்பூலே சுழலும் மல்டிபிளையர் ரீல்களில் எறிவது ஒரு கலை. ஆனால் ஒரு அவுன்ஸ் குண்டோடு அதைக் கற்றுக்கொள்ளப் போனால் மீன் பிடிப்பதை விட நூல் சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

தட்டைமீனுக்கு டிராக் பெரிய விஷயமே இல்லை. அது ஓடும் மீன் அல்ல. அகலமான உடலைக் குறுக்கே வைத்து, பட்டம் காற்றில் இழுப்பது போல இழுக்கும். ஆனால் அதே இரைக்கு ஒரு நல்ல பாஸ் மீன் வந்துவிட்டால் டிராக் சீராக இளகாத ரீலில் நூல் அறும்.

ஸ்பூலை நூலால் நிரப்பும்போது விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். பாதி ஸ்பூலோடு வந்து, 'இந்தக் கழி தூரம் போகவில்லை' என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணத்தை எதில் கூடுதலாகப் போடுவது, கழியிலா ரீலிலா?

ரீலில். நூறு பவுண்டுக்குள் இரண்டையும் வாங்கிவிடலாம். அதில் பெரும் பங்கை ரீலுக்குக் கொடுங்கள். மலிவான கழி பத்து ஆண்டு உழைக்கும். மலிவான ரீலின் உள்ளே உப்பு போனால் அடுத்த குளிர்காலத்தில் காபி அரைக்கும் சத்தம் கேட்கும்.

தங்கூசியா, பின்னல் நூலா?

பழக்கமில்லாதவருக்குத் தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நூல். 12 அல்லது 15 ராத்தல் வலு போதும். அது கொஞ்சம் நீளும் என்பதால் எறியும்போது செய்யும் தவறுகளை மன்னிக்கும். மட்டிகள் ஒட்டிய பாறையில் உரசினாலும் சட்டென்று அறாது.

பின்னல் நூல் நீளவே நீளாது. மீன் இரையை முகர்ந்தாலே கையில் தெரியும் என்று சொல்லத் தோன்றும். மெல்லியதாக இருப்பதால் நீரோட்டம் அதைக் குறைவாகவே தள்ளும். இரண்டு அவுன்ஸ் நிற்காத இடத்தில் ஒன்றரை அவுன்ஸ் நிற்கும். ஆனால் காற்றில் முடிச்சு விழும், விரலை அறுக்கும், பாசி மிதக்கும் நாளில் ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுக்க வேண்டி வரும். நான் அமைதியான கழிமுகத்தில் பின்னல், அலையுள்ள கரையில் தங்கூசி என்று இரண்டு ஸ்பூல் வைத்திருக்கிறேன்.

எதைப் போட்டாலும் முன்னால் தடித்த தங்கூசியில் ஒரு 'ஷாக் லீடர்', அதாவது எறியும் வேகத்தைத் தாங்கும் முன்நூல், கட்டுங்கள். ஒரு அவுன்ஸ் குண்டுக்கு 10 ராத்தல் வலு என்பது கணக்கு: இரண்டு அவுன்ஸுக்கு 20, மூன்றுக்கு 30. நீளம், கழியைப் போல இரண்டு மடங்கும் ரீலில் ஐந்தாறு சுற்றும். எறியும் நேரத்தில் நூல் அறுந்தால் ஈயக்குண்டு தோட்டா போலப் பறக்கும். பக்கத்தில் குழந்தைகள் ஓடும் கடற்கரையில் இந்தக் கணக்கில் சிக்கனம் வேண்டாம்.

ஒரு அவுன்ஸுக்குக் குறைந்த ஈயக்குண்டு கடையில் கிடைக்கவில்லையே?

கிடைக்காது. அன்னங்கள் ஈயத்தை விழுங்கி இறந்ததால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் எடைகளை விற்பதை 1987 முதல் பிரிட்டன் தடை செய்தது. 28.35 கிராம் என்பது சரியாக ஒரு அவுன்ஸ். எனவே அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ் என்றால் டங்ஸ்டன் போன்ற ஈயமல்லாத உலோகத்தில் வாங்க வேண்டும். இலேசான கழிக்காரர்களைத்தான் இந்தச் சட்டம் நேராகத் தொடுகிறது.

கம்பிப் பிடிகள் உள்ள குண்டா, வழுவழுப்பான குண்டா?

கம்பிப் பிடிகள் குண்டைத் தரையில் நங்கூரம் போல ஊன்றி நிறுத்தும். ஃபிளவுண்டருக்கு வழுவழுப்பானதே நல்லது. இலேசான கழியின் முழு லாபமும் இங்கேதான் இருக்கிறது. நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்வாக எறிந்துவிட்டு, குண்டு தரையில் மெல்ல உருண்டு வளைவாக நகர விடுங்கள். நகரும் இரை சேற்றில் சிறு தூசிப்படலம் எழுப்பும். ஃபிளவுண்டர் ஆர்வக்கோளாறு பிடித்த மீன். அசையும் எதையும் துரத்தி வந்து பார்க்கும். தூண்டில் முள்ளுக்கு மேலே பளபளக்கும் மணிகள் நான்கைந்து கோப்பதும், சிறு வெள்ளைக் கரண்டித் தகடு ஒன்றைக் கட்டி இழுப்பதும் இதனால்தான்.

குண்டு நின்றுவிட்டால் ரீலை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் காத்திருங்கள். மீண்டும் இரண்டு சுற்று. கழியைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவருக்கு 12 அடிக் கழியும் ஒன்றுதான், 9 அடிக் கழியும் ஒன்றுதான்.

முள்: நீண்ட தண்டுள்ள அபர்டீன் வகை, ஃபிளவுண்டருக்கு 2 அல்லது 4-ஆம் எண் அளவு, டாப்புக்கு 4 அல்லது 6-ஆம் எண். இரை: ராக்வோர்ம், லக்வோர்ம் புழுக்கள். ஓடு கழற்றும் நண்டு கிடைத்தால் கழிமுகத்தில் அதற்கு இணை இல்லை.

கொத்தியதும் இழுக்க வேண்டுமா?

வேண்டாம். தட்டைமீனின் வாய் சிறியது. நீண்ட புழுவை உள்ளே இழுக்க அதற்கு நேரம் தேவை. முதலில் டக் டக் என்று ஒரு நடுக்கம். நூலைச் சற்றுத் தளர்த்திக் கொடுங்கள். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து மறுபடி இழுக்கும், அல்லது நூல் தானாகத் தொய்யும். அப்போது நிதானமாகக் கழியைத் தூக்கிச் சுற்றத் தொடங்கினால் போதும். ஆனால் அரை மணி நேரம் விடாதீர்கள். முள்ளை வயிறுவரை விழுங்கிய மீனை உயிரோடு திரும்ப விடுவது கடினம்.

எங்கே இலேசான கழி எடுபடாது?

பிரிஸ்டல் கால்வாயில் எடுபடாது. அதன் உள்முனையான செவர்ன் கழிமுகத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 14 மீட்டர் வரை வேறுபடும். அந்த ஓட்டத்தில் இரண்டு அவுன்ஸ் குண்டு காகிதம். டஞ்சனஸ், செசில் போன்ற செங்குத்தான கூழாங்கல் கரைகளிலும் காற்றும் ஓட்டமும் கூடிய நாளில் கனமான கழிதான் வேண்டும். நல்ல பிளேஸ் அங்கே வரும் என்பது உண்மை. அமைதியான நாளாகப் பார்த்துப் போங்கள்.

கடலுக்குள் நீளும் உயரமான மரப்பாலங்களில் இன்னொரு சிக்கல். மீனைப் பல மீட்டர் உயரத்துக்கு அந்தரத்தில் தூக்க வேண்டியிருக்கும். கயிற்றில் இறக்கும் வலை இல்லாமல் இலேசான கழியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மாறாக, டெவனில் டெயின் கழிமுகம், டார்செட்டில் பூல் துறைமுகம், எசெக்ஸ் ஓரத்து ஓடைகள் எல்லாம் இதற்கென்றே அமைந்தவை. தேம்ஸும் அப்படித்தான். 1957-இல் லண்டன் பகுதியில் உயிரற்ற ஆறு என்று அறிவிக்கப்பட்ட தேம்ஸில் இன்று ஃபிளவுண்டர் கடலிலிருந்து நகரத்துக்குள் ஏறி வருகிறது. உப்பு, நன்னீர் இரண்டையும் தாங்கும் தட்டைமீன் அது.

எந்த மாதத்தில் போகலாம்?

ஃபிளவுண்டர் குளிர்காலக் கடைசியில் முட்டையிட ஆழமான கடல்நீருக்குப் போகும். வசந்தத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பும். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் அது கொழுத்திருக்கும். பிளேஸ் மார்ச், ஏப்ரலிலேயே கரைக்கு வந்துவிடும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். கோடை வரை பொறுங்கள்.

உரிமம் வேண்டுமா?

கடலில் கரையிலிருந்து கழியால் தட்டைமீன் பிடிக்க இங்கிலாந்தில் உரிமம் தேவையில்லை. நன்னீர் மீன்களுக்குத்தான் தேவை. ஆனால் அளவு விதிகள் உண்டு: பிளேஸ் 27 சென்டிமீட்டர், சோல் 24, தற்செயலாக வரும் பாஸ் 42. அதற்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும். பாஸுக்கு நாளுக்கு எத்தனை, எந்த மாதங்களில் என்ற விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளூர் மீன்வள அமைப்பு கூடுதல் விதி வைத்திருக்கலாம். சில துறைமுகங்களில் தடையும் இருக்கும்.

சேற்றில் இறங்கலாமா?

இறங்காதீர்கள். கழிமுகச் சேறு மேலே உறுதியாகத் தெரியும், இடுப்புவரை இழுக்கும். பெருக்கு பின்பக்க ஓடை வழியாக வந்து வழியை அடைத்துவிடுவதும் உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டைக் கேளுங்கள். தூக்கிவிட நீங்களும் இறங்க வேண்டாம். இலேசான கழிக்கு நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் இல்லை. மீன்தான் உங்களிடம் வருகிறதே.

ஃபிளவுண்டர் சாப்பிட நன்றாக இருக்குமா?

சேற்று வாடை கொஞ்சம் உண்டு. மஞ்சளும் மிளகாயும் தடவி, புளி தூக்கலாகக் குழம்பு வைத்தால் தெரியாது. பொரிப்பதற்குப் பிளேஸ்தான். டாப் சிறியது, ஆனால் சுவையில் பிளேஸை விட அதுவே மேல் என்று என் வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. அந்தக் கட்சியில் நானும் உறுப்பினன்.